பதினோராம் பக்கத்துக் காதல்

பதினோராம் பக்கத்தில் அவனுக்குக் காதல் வந்துவிட்டது. பத்தாம் பக்கத்தில்தான் மழைக்கு பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கினான். அவள் அங்கே நின்றாள். பன்னிரண்டாம் பக்கத்தில் அவளுக்கும் வந்துவிட்டது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அச்சகத்தில் ஏதும் தாள் விடுபட்டுப் போயிற்றோ என்று திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. பக்க எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. காதல்தான் ஒழுங்கில்லாமல் இருந்தது.

நான் இளைப்பாறிய தமிழ் ஆசிரியை. உடுவிலில் இருக்கிறேன். இளைப்பாறிய பிறகு சும்மா இருக்கலாம் என்று நினைத்தவளை, ஊர் மேடைக்குப் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகம் வெளிவந்தால் அதற்கு ஒரு வெளியீட்டு விழா நடக்க வேண்டும். விழா என்றால் மங்கள விளக்கு, வரவேற்புரை, அறிமுகவுரை, வெளியீட்டுரை, நயப்புரை, கடைசியில் நூலாசிரியரின் ஏற்புரை. இதில் நயப்புரை என்னுடைய பங்கு. நயந்து பேசு என்று பெயரிலேயே கட்டளை போட்டுவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். புத்தகம் எப்படி இருந்தாலும் நயக்க வேண்டும். தாங்க முடியாமல் போனால், "அடுத்த நூலில் ஆசிரியர் இன்னும் கூடிய கவனம் செலுத்துவார் என எதிர்பார்க்கலாம்" என்று ஒரு வசனம் வைத்திருக்கிறேன். அதைக் கேட்டதும் முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்குப் புரியும்.

இந்த நாவலை எழுதியவள் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். கலியாணத்துக்காகச் சுவிசுக்குப் போனவள், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, இப்போது எழுதத் தொடங்கியிருந்தாள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது புத்தகத்தையும் வெளியிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "நீதானடி பேச வேணும்" என்று தொலைபேசியில் சொன்னாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், மறுப்புச் சொல்வதற்கும் ஒரு தென்பு வேண்டும். அந்த வருடம் எனக்கு அது இருக்கவில்லை.

ஏனென்றால் வீட்டில் மகளுடைய கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகளுக்கு யாழ்ப்பாணம் டவுனில் ஒரு வங்கியில் வேலை. ஒரே பிள்ளை. மகளின் தகப்பன், இவர், கண்ணை மூடிய பிறகு மாப்பிள்ளை தேடும் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. பிள்ளையின் சாதகத்தில் செவ்வாய். குறிப்புப் பொருந்தினால் பகுதி, அதாவது சாதிசனம், பொருந்தாது. பகுதியும் குறிப்பும் பொருந்தி வந்தால், படத்தை வாங்கிக்கொண்டு போனவர்களிடமிருந்து மறுமொழி வராது. வராத மறுமொழியைப் போல மனிதரை அரிக்கிற சாமான் வேறொன்றும் இல்லை. பேசி வைத்தாற்போல எல்லா நல்லது கெட்டதிலும் யாராவது ஒருத்தர், "என்ன ரீச்சர், பிள்ளைக்கு ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்பார்கள். நான் சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே களைத்துப்போனேன்.

கடைசியாக ஒன்று பொருந்தியது. புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளைக்குக் கனடாவில் நல்ல வேலை. தாயார் ஊரில்தான் இருக்கிறார். நாங்கள் விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்தோம். மாப்பிள்ளையின் அப்பப்பா எத்தனை பரப்புக் காணியில் புகையிலை நட்டார், தாயாரின் தமையன் எந்த ஊரில் அதிபராக இருந்தார், சித்தப்பா ஒருத்தர் ஏன் வவுனியாவில் போய் இருந்தார், எல்லாம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளையும் மகளும் வீடியோவில் சில தடவை கதைத்தார்கள். "சம்மதமோ பிள்ளை?" என்று கேட்டேன். "ஓம்" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. மகளைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவலுக்காக, மாப்பிள்ளை திருவிழாவுக்கு வரும்போதே கலியாணப் பதிவை முடித்துவிடுவதென்றும், சடங்கைப் பிறகு வைப்பதென்றும் பேச்சு. பதிவாளருக்கும் சொல்லியாயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் இந்த நாவல் கைக்கு வந்தது.

ஒரு பின்னேரம் மகள் அடுத்த நாளுக்குச் சேலை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே சோளகக் காற்று வாழைகளைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்தது. நான் நாவலோடு சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, வந்த எரிச்சலை எல்லாம் அவளிடம் கொட்டினேன்.

"இஞ்சை கேள் பிள்ளை. தாய்க்காரி மூண்டாம் அத்தியாயத்திலை தேத்தண்ணி வைக்கிறன் எண்டு குசினிக்கை போனவ. கதை முடியுமட்டும் வெளியிலை வரேல்லை."

"தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும்" என்றாள் மகள். இரண்டு பேரும் சிரித்தோம்.

"நாலாம் அத்தியாயத்திலை கலியாணம். இந்தப் பெட்டைக்கு அவனை என்னத்துக்குப் பிடிச்சதெண்டு ஒரு வரி இருக்கோ? உயரமாம். நல்ல குடும்பமாம். வெளிநாட்டிலை வேலையாம். உதுக்கு ஆரும் ஓம் எண்டுவினமோ?"

மகள் சேலையின் மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போட்டாள்.

"எண்டுவினம் அம்மா" என்றாள்.

அவள் சொன்னதில் பகிடி இருக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்துவிட்டுக் கவனிக்காதது போல அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதுவும் ஒரு களைப்புத்தான். சில கேள்விகளைக் கேட்டால் பிறகு அதற்கு ஏதாவது செய்ய வேண்டி வரும்.

உரை எழுத உட்கார்ந்தபோது மகள் சொன்ன அந்தச் சொல் என்னை விடவில்லை. கதாநாயகனைப் பற்றி நான்கு வரி எழுதலாம் என்று பார்த்தேன். அவன் எதற்குக் கோபிப்பான்? தெரியாது. எதைக் கண்டால் சிரிப்பான்? தெரியாது. காசு விஷயத்தில் எப்படி, நோய்வாய்ப்பட்டால் எப்படி, தனியே இருக்கும்போது என்ன செய்வான்? நூற்றெழுபது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அவனுடைய பரம்பரையை மட்டும் முதல் அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தாள். எழுதிக்கொண்டு போன பேனை அந்த இடத்தில் நின்றுவிட்டது. எங்கள் மாப்பிள்ளையைப் பற்றி என்னிடம் யாராவது இந்தக் கேள்விகளைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? புகையிலைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்வேன்.

அடுத்த நாள் காலை, மகள் வேலைக்கு வெளிக்கிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் இருந்தேன்.

"அந்தப் பிள்ளை உன்னோடை என்ன கதைக்கிறவர்?"

"சாப்பிட்டாச்சோ எண்டு கேப்பார். இஞ்சை வெயிலோ எண்டு கேப்பார். பிறகு வேலைக்கு நேரமாச்சுது எண்டுவார்."

"நீ என்ன கேக்கிறனி?"

"நானும் உதைத்தான்."

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்கோ?"

அவள் கையில் இருந்த பாண் துண்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். "இவ்வளவு நாளும் நீங்கள் உதைக் கேக்கேல்லை அம்மா. சம்மதமோ எண்டுதான் கேட்டனியள்."

"இப்ப கேக்கிறன்."

"பிடிக்கேல்லை எண்டில்லை. பிடிக்கிறதுக்கு இன்னும் ஒண்டும் நடக்கேல்லை." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "ஒவ்வொரு முறையும் மறுமொழி வராமல் போகேக்கை நீங்கள் சாப்பிடாமல் போய்ப் படுத்திடுவியள். என்னாலை அதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாமல் போச்சு. நீங்கள் களைச்சுப் போனியள் அம்மா. அதுதான் ஓம் எண்டனான்."

கையைக் கழுவி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்கூட்டி படலை தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. நான் அவள் விட்டுப்போன கோப்பைக்கு முன்னால் இருந்தேன். ஒரு பிள்ளை தாயைப் பார்த்து இரங்கி ஒரு கலியாணத்துக்கு ஓம் சொல்லியிருக்கிறது. நான் அந்த ஓமை நம்பிப் பதிவாளருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும் என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். ஊரில் ஒரு கலியாணப் பேச்சை நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். மாப்பிள்ளை டிக்கெற் போட்டாயிற்று. இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் தெரிந்துவிட்டது. இது குழம்பினால், செவ்வாய்க் குற்றத்தோடு குழம்பின சம்பந்தம் என்ற குற்றமும் பிள்ளைக்குச் சேரும். கட்டினால் எல்லாம் சரிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குச் சரிவந்ததுதானே? இவரும் நானும் கலியாணத்துக்கு முன்னர் ஒரு சொல் கதைத்ததில்லை. சரிவந்தது. ஆனால் சரிவந்தவர்கள்தான் சரிவரும் என்று சொல்லித் திரிவார்கள். மற்றவர்கள் வாய் திறப்பதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

விழா நல்லூரில், கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய மண்டபத்தில். கோயில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மின்விசிறிகள் சூட்டை அங்கும் இங்குமாக மாற்றி வைத்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் நூலாசிரியரின் கணவர் வேட்டி சால்வையோடு, நிமிர்ந்து, நல்ல உயரமாக இருந்தார். எனக்கு முன்னர் பேசியவர்கள் மூன்று பேரும் தங்களைப் பற்றிப் பேசினார்கள். என் முறை வந்தபோது தாளைப் பார்த்தேன். வழமையான வசனங்கள் எல்லாம் இருந்தன. வாசிக்க மனம் வரவில்லை. துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நயந்து நயந்து அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"இந்த நாவலில் காதல் வந்துவிட்டது. காதலிக்கிறவர்கள் இன்னும் வந்து சேரவில்லை" என்று சொன்னேன்.

மண்டபத்தில் யாரோ கதிரையை நகர்த்திய சத்தம் கேட்டது. நான் தொடர்ந்தேன். நாலு அத்தியாயத்துக்குள் கலியாணம் என்பது பெரிய அவசரம், இவர்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது என்றேன். அவன் எதற்குச் சிரிப்பான், எதற்குக் கோபிப்பான் என்று வாசிக்கிற எங்களுக்கும் தெரியாது. ஒருத்தரின் குடும்பத்தை அறிவது அவரை அறிவதாகாது. நாவலிலும் ஆகாது, வீட்டிலும் ஆகாது. கடைசி வசனம் நான் எழுதி வைத்ததல்ல. அது தானாக வந்தது. மொழிநடையைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டல் குறைவாகத்தான் இருந்தது. பின்னர் அவள் ஏற்புரையில் எனக்கும் நன்றி சொன்னாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

சனம் வடைக்கும் தேத்தண்ணிக்கும் எழும்பியபோது, அவளிடம் போய் மன்னிப்புக் கேட்போம் என்று தேடினேன். மேடைக்குப் பின்னால், விற்காத புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோவமோடி?" என்றேன்.

"கோவமில்லை. நீ சரியாத்தான் சொன்னனி." பெட்டியை மூடி அதன்மேல் கையை வைத்தாள். "அவன் என்னத்துக்குச் சிரிப்பான், என்னத்துக்குக் கோவிப்பான் எண்டு எழுதத்தான் பாத்தனான். எத்தினை நாள் இருந்து பாத்தன் தெரியுமே? ஒண்டும் வரேல்லை."

"ஆரையாவது மனசிலை வைச்சு எழுதியிருக்கலாமே?"

"வைச்சுத்தான் எழுதினனான்." மண்டபத்துப் பக்கம் தலையை அசைத்தாள். அவளுடைய கணவர் யாரோ ஒருவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். "கூடாத மனிசன் இல்லை. ஒரு நாளும் கை நீட்டினதில்லை. ஆனா இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவரை எனக்குத் தெரியாதடி. அவருக்கு என்னையும் தெரியாது. கேக்கிறதுக்கு நேரம் இருந்த காலத்திலை கேக்கேல்லை. பிறகு கேக்க வெக்கமாப் போச்சு."

நானும் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"அவசரம் எண்டு சொன்னனி" என்றாள். "நான் அவரை முதல் கண்டது எயாப்போட்டிலை. அடுத்த கிழமை கலியாணம். எனக்கு நாலு பக்கம்கூடக் கிடைக்கேல்லை. அந்தப் பெட்டைக்கு நான் நாலு அத்தியாயம் குடுத்திருக்கிறன்."

அவள் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் சிரித்த அதே சிரிப்புத்தான். எனக்கு அழுகை வந்தது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ மேடையில் எத்தனையோ புத்தகத்தைப் பேசியிருக்கிறேன். எழுதினவளிடம் இல்லாத ஒன்றைப் புத்தகத்தில் தேடிக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மகள் ரிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதிவு வேண்டாம்" என்றேன்.

அவள் ரிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "என்னம்மா சொல்லுறியள்?"

"இப்ப வேண்டாம். அந்தப் பிள்ளை வரட்டும். இருந்து கதையுங்கோ. பிடிச்சாப் பிறகு பாப்பம். பிடிக்காட்டி விடுவம்."

"ஊரெல்லாம் தெரியும். திரும்பவும் முதலிலை இருந்து தேட வேணும். உங்களுக்குக் களைப்பில்லையோ?"

"களைப்புத்தான். அது என்ரை களைப்பு. அதுக்கு நீ கனடாவுக்குப் போகத் தேவையில்லை."

அவள் சிரிக்கத் தொடங்கி, இடையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நெடுநேரம் என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். இவர் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

மாப்பிள்ளையின் தாயாரிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. தொலைபேசியில் அவர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்.

"என்ரை பிள்ளையிலை என்ன குறை கண்டியள் ரீச்சர்?"

"ஒரு குறையும் இல்லை. அவரைத் தெரியாது, அவ்வளவுதான்."

"தெரியாதோ? எங்கடை பகுதியைத் தெரியாதோ? ஆற்றை பிள்ளை எண்டு தெரியாதோ? படிச்ச நீங்கள் இப்பிடிக் கதைக்கிறியள். உங்கடை பிள்ளைக்கும் வயசு போகுது, கண்டியளோ!"

"ஓம்" என்றேன். வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை வந்தார். தாயார் வரவில்லை. யாருடையதோ மோட்டார் சைக்கிளில் தனியே வந்து, படலையடியில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே கூப்பிட்டேன். படத்தில் பார்த்ததைவிட மெலிவு. கூச்ச சுபாவம். அவர்களை முன்அறையில் விட்டுவிட்டு நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன். போனவள் போனவள்தான். ஒரு தடவை இரண்டு பேரும் பெரிதாகச் சிரிப்பது கேட்டது. எனக்குள் சின்னதாக ஓர் ஆசை எழும்பிற்று. பொய் சொல்வானேன், எழும்பத்தான் செய்தது.

போகும்போது, "வாறன் அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"என்னவாம்?" என்று மகளைக் கேட்டேன்.

"நல்லவர் அம்மா. ஆனா கலியாணம் எண்டு கதைக்கேக்கை ரெண்டு பேருக்கும் முகம் வாடிப்போச்சு. வேண்டாம் எண்டு முடிவெடுத்தாப் பிறகுதான் சிரிச்சுக் கதைச்சனாங்கள்."

பதிவாளருக்கு நானே போய்ச் சொன்னேன். ஊர் ஒரு மாதம் கதைத்தது. பிறகு வேறு கதை கிடைத்தது. மாப்பிள்ளையாக வரவிருந்தவர் கனடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவர் போய்ச் சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் தாயாரின் எண் தொலைபேசியில் வந்தது. திட்டுவதற்கு மிச்சம் ஏதும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"ரீச்சர், மகன் பிளேன் ஏறுற அண்டைக்கு ஒரு கதை சொல்லிப்போட்டுப் போனவன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அம்மா, நீங்கள் சம்பந்தம் தேடித் தேடிக் களைச்சுப் போனியள், அதுதான் நான் ஓம் எண்டனான் எண்டு. உங்கடை பிள்ளையும் உப்பிடித்தான் சொன்னவவாம். மெய்யோ?"

"மெய்தான்."

"அப்ப ரீச்சர், இந்தக் கலியாணத்திலை மாப்பிள்ளையும் பொம்பிளையும் நீங்களும் நானும்தான் போலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பிறகுதான் கவனித்தேன், மறுபக்கத்தில் அவர் அழுதுகொண்டிருந்தார். நான் தொலைபேசியை வைக்காமல், அவர் அழுது முடியும் வரை அப்படியே இருந்தேன்.